சின்னத்தாயி மூன்று பேரான கதை

கட்டடக் கலைஞர்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. பொதுவான கோபம்தான். ஜோகுபாளையத்தில் இருபத்து நான்கு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு, எழுதுகிறவர்கள் எல்லோர்மேலும் கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும். ஒரு பக்கத்தில் சொல்லவேண்டியதை நாற்பது பக்கத்தில் எழுதுவார்கள். அதற்கு ஆறு பிரதி கேட்பார்கள், ஸ்பைரல் பைண்டிங் கேட்பார்கள். எல்லாம் முடித்துக் கையில் கொடுத்தபிறகு, பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார்கள். என் பெயர் கணேசமூர்த்தி. தெருவில் எல்லோருக்கும் ஜெராக்ஸ் மூர்த்தி.

என் கதை போதும். இது எங்கள் தெருவில் இஸ்திரி போடும் சின்னத்தாயியின் கதை. ஆதார் அட்டைப்படி அவர் எழுபத்து நான்காம் வருடம் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள். அத்தனை அட்டையையும் நகலெடுத்தவன் சொல்கிறேன், நம்புங்கள். நான்கு சைக்கிள் சக்கரம் வைத்த மர வண்டி, அதன்மேல் மடித்துப் போட்ட கம்பளி, அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டி, அதன்மேல் ஏழு கிலோ பித்தளைக் கரிப்பெட்டி. இவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. கணவர் அசோகன் ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் தெருவுக்குள் வருவார்.

எங்கள் தெரு வடக்கு தெற்காகப் போகிறது. அதனால் காலையில் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் தெருவில் விழும். மதியம் எந்த வரிசைக்கும் நிழல் கிடையாது, நடுவில் ஒரு வளைவில் நிற்கும் புங்க மரத்துக்கு மட்டும்தான் உண்டு. மூன்று மணிக்குமேல் மேற்கு வரிசையின் நிழல், அதாவது என் கடை இருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் நிழல். சின்னத்தாயி இந்த நிழலோடு சேர்ந்து நகர்வார். காலையில் கிழக்கு வரிசையில், லாயிட் சார் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம். பதினொன்றுக்குப் புங்க மரத்தடி. மூன்றுக்கு என் கடை வாசல். இருபத்து மூன்று வருடமாக இதில் ஒரு நாள் மாற்றமில்லை. சூரியன் லீவு எடுக்கும் ஜூலை மாதத்தில்கூட அவர் பழக்கத்தை விடவில்லை.

வண்டி கனமானது, அதற்குத் தனியாக ஆள் வைக்கவில்லை. நேரம் வந்ததும் சின்னத்தாயி பெட்டியின் மூடியை இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் யார் காதில் விழுகிறதோ அவர்கள் வந்து ஒரு கை கொடுத்துத் தள்ளவேண்டும். இது எங்கள் தெருச் சட்டம், யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் யாரும் மீறுவதுமில்லை. சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி பையன்கள் தள்ளியிருக்கிறார்கள், பீட் கான்ஸ்டபிள் தள்ளியிருக்கிறார், ஒருமுறை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். அவருக்குப் பெண் அமைந்தது அதனால்தான் என்று தெருவில் இன்றும் பேச்சு உண்டு. எங்கள் வீட்டுக் குக்கர்கள் எல்லாம் அந்த இரண்டு தட்டை வைத்துத்தான் அடுப்பில் ஏறும்.

இதையெல்லாம் வேடிக்கைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரலில், யாரோ ஒரு புண்ணியவான் மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டான். பன்னிரண்டு நாள். சின்னத்தாயி மதியம் முழுக்க வெயிலில் நின்று கரிப்பெட்டியைத் தள்ளினார். பத்தாவது நாள் ஒரு பள்ளிக்கூடப் பாவாடையின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எனக்கு அது ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரிந்தது. அன்று பயந்த பயம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இப்படி இருக்கையில்தான் எங்கள் தெருவைச் சீரமைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. 'நாற்சந்தி வடிவமைப்பகம்' என்று ஒரு அலுவலகம். அதன் தலைவர் ஸ்ரீஹர்ஷா, காதிச் சட்டை, கண்ணாடி, எதைப் பேசினாலும் கையால் காற்றில் சதுரம் போடுவார். அவருக்குக் கீழே வீணா, இருபத்தாறு வயது ஜெயநகர்ப் பெண், வீட்டில் கன்னடம், எங்களுக்காகத் தமிழ். தெருச் சங்கத் தலைவர் லாயிட் சார் முன்னிலையில் ஸ்ரீஹர்ஷா எங்களுக்கு நகர வடிவமைப்பின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுத்தார். தெரு என்பது போவதற்கு மட்டுமல்ல, நிற்பதற்கும்தான் என்றார். மனிதர்கள் மனிதர்கள் இருக்கும் இடத்தில்தான் உட்காருவார்கள் என்றார். நடைபாதையின் விளிம்பு உயரமாக இருந்தால் முதியவர்கள் தெருவையே மறந்துவிடுவார்கள் என்றார். நிற்க இடம் இருந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் திருடன் வரமாட்டான் என்றார். எல்லாமே சரியாகத்தான் இருந்தது. எனக்கு அதில்தான் சந்தேகம் வந்தது.

முதல் வேலை கணக்கெடுப்பு. தெருவில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதவேண்டும். மூன்று கூட்டமாக மாணவர்கள் வந்தார்கள், காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு ஸ்ரீஹர்ஷா போட்டிருந்த ஒரே கட்டளை, யாரிடமும் பேசக்கூடாது. பேசினால் மனிதர்கள் இயல்பாக இருக்கமாட்டார்களாம். எங்கள் தெருவில் பேசாமல் உற்றுப் பார்த்தால்தான் மனிதர்கள் இயல்பாக இருக்கமாட்டார்கள். இரண்டு பேரைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்துப் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. நகலெடுக்க என் கடைக்குத்தானே வரவேண்டும். பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் சும்மா மெஷினில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

'இஸ்திரி போடுபவர்கள்: மூவர்' என்று போட்டிருந்தது. முதலாமவர் கிழக்குச் சுவரோரம், தலையில் துண்டு கட்டிய பெண், வயது சுமார் ஐம்பத்தைந்து. இரண்டாமவர் மரத்தடியில், சேலைமேல் ஆண்கள் முழுக்கைச் சட்டை அணிந்தவர், வயது சுமார் நாற்பத்தைந்து. மூன்றாமவர் மேற்கு வரிசைக் கடை வாசலில், தலையில் பூ வைத்த பெண், வயது சுமார் முப்பத்தெட்டு, சிரித்த முகம். மூவரும் உறவினர்களாக இருக்கலாம், முகச்சாயல் தெரிகிறது என்று அடிக்குறிப்பு வேறு.

எனக்குச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. காலையில் பனிக்குத் துண்டு, மதியம் கரிச்சூட்டுக்குப் பழைய சட்டை, மாலையில் முகம் கழுவிப் பவுடர் போட்டுப் பூ. இருபத்து மூன்று வருடமாக அவர் அப்படித்தான். கடை வாசலில் நின்ற சின்னத்தாயியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது ஆளைப் பற்றிய வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். முப்பத்தெட்டு என்று எழுத்தில் போட்டிருக்கிறதா, எண்ணில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். எண்ணில் என்றேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு ஜெராக்ஸ் வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

தப்பைத் திருத்தச் சொல்லி வீணாவிடம் சொல்கிறேன் என்றேன். சரி, சாவகாசமாகச் சொல்லலாம் என்றார். அந்தச் சாவகாசம்தான் வினையாகப் போயிற்று. பத்து நாளில் சங்க அறையில் கூட்டம் போட்டு, தெருவின் தெர்மாகோல் மாதிரியை மேஜைமேல் வைத்தார்கள். பஞ்சில் செய்த புங்க மரம், தீக்குச்சி பெஞ்சுகள், விரல் உயர மனிதர்கள். ஸ்ரீஹர்ஷா காற்றில் ஒரு சதுரம் போட்டுவிட்டு, நூற்று நாற்பது மீட்டர் தெருவுக்கு மூன்று இஸ்திரி வண்டி மிக அதிகம் என்றார். ஒருவர் மட்டும் இங்கே இருக்கலாம், மற்ற இருவருக்கும் தெருக்கோடியில் பெரிய சாக்கடையை ஒட்டி வியாபார மண்டலம் அமைத்துத் தருகிறோம், காலியாகும் இரண்டு இடத்தில் பெஞ்சும் பூந்தொட்டியும் வரும் என்றார். யார் இருக்கவேண்டும் என்பதை மக்களே முடிவு செய்யலாம், அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு.

அறையே சின்னத்தாயியைத் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், பூவும் பவுடருமாக. லாயிட் சார் எழுந்து வாயைத் திறந்தார். சின்னத்தாயி சும்மா ஒரு விரலை உதட்டில் வைத்தார். ஆலையில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்து ஐநூறு பேரை மேய்த்த லாயிட் சார், இருமிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் நான் குதித்தேன். இது என்ன விளையாட்டு, நான் ஒருத்திதான் என்று எழுந்து சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"நீ ஒரு லூசு மூர்த்தி," என்றார் சின்னத்தாயி. "ஒருத்தின்னு சொன்னா ஒரு எடம்தான் தருவான். எந்த எடத்த வாங்கிக்கிறது? செவுத்தோரம் வாங்குனா பதினோரு மணிக்கி மண்டை பொளக்கும். மரத்தடி வாங்குனா காலையில மொகத்துல அடிக்கும். உன் கடைய வாங்குனா மூணு மணி வரைக்கும் நான் வடாம் மாதிரி காயணும். அதுங்காட்டி மூணு பேராவே இருந்துட்டுப் போறேன், உனக்கு இன்னா நஷ்டம்?"

எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் மூன்று பேரில் ஒருவர்தானே ஜெயிக்கமுடியும். அதற்கும் அவர் யோசித்து வைத்திருந்தார். மூவருக்கும் சமமாக வாக்கு விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று லாயிட் சாரை விட்டு ஸ்ரீஹர்ஷாவிடம் கேட்கச் சொன்னார். மக்கள் மூவரையும் சமமாக நேசிக்கிறார்கள் என்றால் மூவரும் இருக்கட்டும் என்று ஸ்ரீஹர்ஷா நெகிழ்ந்துபோய்ச் சொன்னாராம். அப்படிச் சமமாக விழ வாய்ப்பே இல்லை என்று அவர் நம்பியிருக்கவேண்டும். எங்கள் தெருவை அவருக்கு இன்னும் தெரியவில்லை.

வாக்குரிமை உள்ளவர்கள் நூற்றிரண்டு பேர். மூன்றால் வகுத்தால் முப்பத்து நான்கு. கிழக்கு வரிசைக்காரர்கள் துண்டு கட்டியவருக்கும், மேற்கு வரிசைக்காரர்கள் சட்டைபோட்டவருக்கும், குறுக்குச் சந்துக்காரர்கள் பூ வைத்தவருக்கும் போடவேண்டும் என்று லாயிட் சார் பட்டியல் போட்டார். கூடுதல் குறைச்சலைச் சரிக்கட்ட ஆட்களை இடம் மாற்றினார். நான் அதற்கு நூற்றிரண்டு நகல் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். இலவசமாக. என் வாழ்நாளில் நான் இலவசமாக எடுத்த முதல் ஜெராக்ஸ் அதுதான், எங்கேயாவது எழுதி வையுங்கள்.

இதில் ஒரு கூத்து. இருந்த ஒரே ஆளுக்காக நடந்த தேர்தலில் மூன்று கட்சி உருவாகிவிட்டது. துண்டுக்காரிதான் ஆபீஸ் போகிறவர்களுக்கு நேரத்தோடு சட்டை தருகிறாள் என்று கிழக்கு வரிசையில் பேச்சு. சட்டைக்காரியின் மடிப்புக்கு ஈடு கிடையாது, பட்டுச்சேலை என்றால் அவள்தான் என்று மேற்கு வரிசை. பூக்காரி கொஞ்சம் வாய் பேசுவாள், ஆனால் மனசு தங்கம் என்று குறுக்குச் சந்து. மளிகைக்கடையில் இரண்டு பெண்கள் இதற்காக நிஜமாகவே சண்டைபோட்டுக்கொண்டார்கள். சின்னத்தாயி நடுவில் புகுந்து விலக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுவரில் மூன்று பெரிய படங்கள், மாணவர்கள் வரைந்தவை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கட்டம், பிடித்தவர் படத்தின் கீழ் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். வீணா ஸ்டிக்கரை ஆபீசிலேயே மறந்துவிட்டு வந்தாள். கண் கலங்கிப்போய் நின்ற பெண்ணைப் பார்த்துக் கிழக்கு வரிசைப் பெண்கள் கைப்பையைத் திறந்தார்கள். ஸ்டிக்கர் பொட்டு இல்லாத கைப்பை எங்கள் தெருவில் ஏது? ஆளுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. விநியோகம் என் பொறுப்பு. காலை முழுக்க வரிசையில் வந்து, அவரவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, பரீட்சை எழுதுகிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒட்டினார்கள். அசோகன் ஒரு சவாரியை முடித்துக்கொண்டு கடைசி ஆளாக வந்தார். பட்டியல்படி அவர் சட்டைபோட்டவருக்குப் போடவேண்டியவர்.

வீணா எண்ணினாள். துண்டுக்கு முப்பத்து நான்கு. சட்டைக்கு முப்பத்து மூன்று. பூவுக்கும் கட்டத்துக்குள் முப்பத்து நான்குதான். ஆனால் இன்னொரு பொட்டு கட்டத்துக்குள் இல்லை. படத்திலிருந்த பெண்ணின் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், அளவெடுத்தது போல ஒட்டியிருந்தது. இதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று வீணா கேட்டாள். ஸ்ரீஹர்ஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதைச் சேர்க்காவிட்டால் வேறு எதைச் சேர்ப்பது என்றார். முப்பத்தைந்து. பூ வைத்தவர் ஒரு வாக்கில் ஜெயித்தார்.

அடுத்த அரைமணி நேரம் அந்த அறையில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். என் பொட்டு விநியோகத்தில் ஊழல் என்றுகூட ஒரு குரல் கேட்டது. சின்னத்தாயி மட்டும் படத்தின் அருகே போய் நின்றார். நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் தாளில் ஒரு கட்டைவிரல் ரேகை, கறுப்பாக, ஆட்டோ கிரீஸில். அவர் திரும்பி அசோகனைப் பார்த்தார். அசோகன் விட்டத்தைப் பார்த்தார்.

சின்னத்தாயி யாருக்கும் காத்திராமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இருபத்து மூன்று வருட நிழல் ஒரு பொட்டில் போயிற்று. அவர் கண்ணில் அன்று தெரிந்ததை நான் அந்த ஏப்ரல் மாதத்தில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அசோகன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. சொந்த வீட்டிலேயே இருந்து ஓட்டை மாற்றிப் போடுகிறவனை என்ன செய்வது? புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மூன்றாம் நாள் புதன்கிழமை காலை வீணா வந்தாள். தோற்ற இருவரிடமும் நேரில் செய்தி சொல்லிக் கையெழுத்து வாங்கவேண்டும். தாளில் எழுதியதை நேரில் போய்ச் சொல்ல வெட்கப்படுகிறவள் அவள், எனக்கு முதல்முறையாக அவளைப் பிடித்தது. எட்டரை மணிக்குச் சுவரோரம் போய்த் துண்டு கட்டியவர் முன்னால் நின்றாள். கையிலிருந்த அறிக்கையை விரித்தாள், மடித்தாள். சின்னத்தாயி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மடிக்கிற துணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டே செய்தியைச் சொல்லலாம் என்று வீணா பிடித்தாள், படுக்கை விரிப்புகள், பிறகு லுங்கிகள், பிறகு லாயிட் சாரின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. பதினொன்றாயிற்று. பெட்டி மூடியில் இரண்டு தட்டு. பக்கத்தில் வேறு யாருமில்லை.

வீணா வண்டியைப் பிடித்துத் தள்ளினாள். நடைபாதை விளிம்பில் சக்கரம் மாட்டியது, மூச்சைப் பிடித்து ஏற்றினாள், இறக்கினாள். பாவம், வயதானவர் தானாகவே இடத்தைக் காலி செய்கிறார் என்றுதான் அப்போது நினைத்தாளாம், தள்ளும்போதே அழுகை வந்ததாம். வண்டி மரத்தடியில் நின்றது. சின்னத்தாயி துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து முழுக்கைச் சட்டையை எடுத்துச் சேலைமேல் போட்டுக்கொண்டு, கரியை விசிறினார். வீணா அவரைப் பார்த்தாள். கையிலிருந்த அறிக்கையைப் புரட்டினாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிழல் நகர நகர வண்டி அரை அடி, அரை அடியாக நகர்வதைப் பார்த்தாள். யார் யாரோ அங்கே நின்று பேசிவிட்டுப் போவதையும், வண்டி விட்டுவந்த சுவரோரம் இப்போது ஒரு நாய்கூடப் படுக்காததையும் பார்த்தாள். மூன்று மணிக்கு மூடி தட்டியபோது முதல் ஆளாக எழுந்து தள்ளியவள் அவள்தான். என் கடை வாசலுக்கு வந்ததும் சின்னத்தாயி என் குழாயில் முகம் கழுவினார், பவுடர் பூசினார், முழப் பூவைத் தலையில் வைத்தார். அப்போதுதான் வீணா வாயைத் திறந்தாள்.

"அம்மா, சும்னே கேக்கறேன், கோச்சிக்காதீங்க. நீங்க மூணு பேரும் ஒரே ஆளா?"

"ஆளு ஒண்ணுதான் கண்ணு," என்றார் சின்னத்தாயி. "நெழலுதான் மூணு."

வீணா தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், என் லேமினேஷன் மெஷின்மேல் சாய்ந்து, சூடு பட்டதும் துள்ளி, மறுபடியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். தெருவைக் கோடு போட்டாள். மணி எட்டு, பதினொன்று, மூன்று என்று மூன்று இடத்தில் வட்டம் போட்டாள். மூன்றையும் சேர்த்து வண்டிச் சக்கரம் மாட்டாமல் போகிற மாதிரி ஒரு சரிவுப் பாதை. வட்டத்தில் வண்டி இல்லாத நேரத்துக்கு மடக்கு பெஞ்சு. வண்டி போனபிறகு அங்கே வெயில்தானே, பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்று நான் கேட்டேன். குளிர்காலத்தில் வெயில் காய்கிறவர்கள் உட்காரட்டும் என்றாள். நான் கேட்டதற்கு ஒரு கட்டடக் கலைஞர் நேராகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

ஸ்ரீஹர்ஷாவும் நல்ல மனிதர்தான், ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு சிக்கல். மூன்று பேர் என்று போட்ட அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது. ஒன்று என்று திருத்தினால் மொத்தக் கணக்கெடுப்பையும் திரும்ப நடத்தச் சொல்வார்கள். இன்னொரு முறை மாணவர்கள் மேல் தண்ணீர் ஊற்ற எங்களுக்கும் தெம்பில்லை. கடைசியில் மூன்று இடமும் மூன்று பேர் பெயரிலேயே இருக்கட்டும், அடையாள அட்டை மட்டும் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. எட்டு மாதத்தில் வேலை முடிந்தது. மூன்று அட்டைக்கும் போட்டோ பிடித்து லேமினேட் செய்தது நான்தான். துண்டு கட்டிய சி. தாயி, வயது ஐம்பத்தைந்து. சட்டைபோட்ட சின்னம்மா, வயது நாற்பத்தைந்து. பூ வைத்த சின்னத்தாயி, வயது முப்பத்தெட்டு. ஆதார் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்களின் வயதை நான் ஆராய்வதில்லை.

அட்டை கொடுத்த அன்று சாயங்காலம் அசோகன் என் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். புதுச் சரிவுப் பாதையில் இஸ்திரி வண்டியை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார். எட்டு மாதமாக மனதில் வைத்திருந்ததை அன்று நானே கேட்டுவிட்டேன். அத்தனை பேர் பட்டியல்படி போட்டபோது நீர் மட்டும் ஏன் ஐயா மாற்றி ஒட்டினீர், அந்த அம்மா வெயிலில் காய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றேன். சின்னத்தாயி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அவரும் இதுவரை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அசோகன் கழுத்துத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒட்டத்தான் போனேன் மூர்த்தி, சட்டைக்காரிக்கி. பாத்தா யாரோ மாதிரி இருந்துச்சி. காலைல போறேன், சாயங்காலம் வரேன். நான் பாத்ததெல்லாம் இவ ஒருத்தியத்தான். மத்த ரெண்டு பேர எனக்குப் பழக்கமே இல்ல. அதான் கை அங்கப் போயிடுச்சி."

சின்னத்தாயி மறுபடி பெட்டியை எடுத்து, இஸ்திரி போட்டு முடித்த ஒரு சட்டையையே இன்னொரு தடவை தேய்த்தார். அது என் சட்டை. காலர் லேசாகக் கருகியதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு ஆட்டோ ஸ்டாண்டில் அசோகனைக் காணவில்லை. அசோகன் லாயிட் சார் வீட்டுச் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டு கட்டிய பெண்மணி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். பதினொன்றுக்குப் பெட்டி மூடியில் இரண்டு தட்டு விழுந்தது. நான் கடையிலிருந்து இறங்குவதற்குள் அசோகன் எழுந்து வண்டியைப் பிடித்துவிட்டார். மரத்தடியில் சின்னத்தாயி சட்டையை மாட்டிக்கொள்ளும்வரை தலை குனிந்து காத்திருந்துவிட்டு, உங்களை இதற்குமுன் பார்த்ததில்லையே, பெயர் என்ன என்று கேட்டார். சின்னத்தாயி மடித்து வைத்திருந்த லுங்கியாலேயே ஒரு அடி வாங்கினார். சாயங்காலம் வரை அங்கேதான் இருந்தார்.